இணையதளத்தின் பூட்டுக் குறியை நம்பலாமா? சான்றிதழ் சங்கிலி வேலை செய்வது எப்படி?

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் இருந்து ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்தாலும் சரி, வாளையாறு தாண்டி கோவை போகும் பஸ்ஸில் பேங்க் தளத்தைத் திறந்தாலும் சரி, உங்கள் பாஸ்வேர்டு உண்மையான தளத்துக்குத்தான் போகிறதா என்று முதலில் சரிபார்ப்பது உங்கள் பிரவுசர். அதற்கு அது பார்ப்பது டிஜிட்டல் சான்றிதழை. அந்தச் சான்றிதழுக்கு யார் பொறுப்பு?

சங்கிலி என்பது என்ன?

மார்க் ஷீட் நகலில் கெசட்டட் ஆபீசர் கையெழுத்துப் போடுகிறார். அந்த அதிகாரம் அவருக்கு அரசாங்கம் கொடுத்தது. இங்கேயும் கதை அதேதான். தளத்தின் சான்றிதழில் 'இடைநிலைச் சான்றிதழ்' கையெழுத்திடும். இடைநிலைச் சான்றிதழில் 'மூலச் சான்றிதழ்' கையெழுத்திடும். நம்பத்தகுந்த மூலச் சான்றிதழ்களின் பட்டியல் உங்கள் போனிலோ, கம்ப்யூட்டரிலோ, பிரவுசரிலோ முன்கூட்டியே இருக்கும்.

மூலச் சான்றிதழின் ரகசியச் சாவி திருடுபோனால் மொத்தமும் போச்சு. அதனால் அதை இணையத்தோடு இணைக்காமல் பூட்டி வைத்துவிட்டு, அன்றாட வேலையை இடைநிலைச் சான்றிதழிடம் விடுகிறார்கள்.

பிரவுசர் எதையெல்லாம் பார்க்கிறது?

* சான்றிதழில் உள்ள பெயரும் தள முகவரியும் ஒன்றா?
* காலாவதி ஆகிவிட்டதா?
* ஒவ்வொரு கையெழுத்தும் சரியாக இருக்கிறதா?
* சங்கிலி நம்பகப் பட்டியலில் உள்ள மூலத்தில் போய் முடிகிறதா?

சங்கிலியில் ஒரு கண்ணி கெட்டால்?

2014இல் இந்தியாவிலேயே இது நடந்தது. கூகுள் தளங்களின் பெயரில், கூகுளுக்கே தெரியாமல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை ஜூலை 2 அன்று அந்த நிறுவனம் கண்டுபிடித்தது. வழங்கியது தேசிய தகவலியல் மையம் (என்ஐசி). அதன் இடைநிலைச் சான்றிதழ்களுக்கு மேலே இருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் கீழ் இயங்கும் சிசிஏ என்ற கட்டுப்பாட்டு அலுவலகத்தின் மூலச் சான்றிதழ்.

மறுநாளே சிசிஏ அந்த இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. என்ஐசியின் சான்றிதழ் வழங்கும் முறைக்குள் ஊடுருவல் நடந்திருக்கிறது, தவறாக வழங்கப்பட்டவை நான்கு என்றும் தெரிவித்தது. அந்த நான்கில் சேராத வேறு சிலவும் இருப்பதாக கூகுள் சொன்னது.

பாதிப்புக்கு வாய்ப்பு இருந்தது முக்கியமாக விண்டோஸ் பயனர்களுக்கு. காரணம், சிசிஏவின் மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இருந்தது. ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் பட்டியல்களில் இல்லை. ஜூலை 10 அன்று மைக்ரோசாஃப்டும் அந்தச் சான்றிதழ்களின் மீதான நம்பிக்கையை விலக்கிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பட்டியலில் உள்ள எந்த நிறுவனமும் எந்தத் தளத்தின் பெயரிலும் சான்றிதழ் கொடுக்க முடியும். எங்கேயோ ஒரு கண்ணி கெட்டால், சம்பந்தமே இல்லாத உங்கள் பேங்க் தளத்தின் பெயரிலும் போலி வரலாம்.

பிறகு என்ன மாறியது?

2018 ஏப்ரல் 30க்குப் பின் வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்றது குரோம். தன் பெயரில் யாருக்கு எப்போது சான்றிதழ் கொடுக்கப்பட்டது என்று தளத்தின் சொந்தக்காரர் அதில் தேடிப் பார்க்கலாம். ஆயுளும் குறைகிறது. அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது.

நீங்களே தளம் நடத்துகிறீர்களா?

அடிக்கடி நடக்கும் தவறு, தளத்தின் சான்றிதழை மட்டும் சர்வரில் வைத்துவிட்டு இடைநிலையை விட்டுவிடுவது. உங்கள் லேப்டாப்பில் தளம் நன்றாகவே திறக்கும். ஏனென்றால் விடுபட்ட கண்ணியைப் பல பிரவுசர்கள் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும். ஆனால் வாடிக்கையாளரின் மொபைல் ஆப்பிலோ, பணம் வசூலிக்கும் மென்பொருளிலோ இணைப்பு அறுந்துவிடும். லெட்ஸ் என்கிரிப்ட் இலவசச் சான்றிதழை செர்ட்பாட் மூலம் வாங்கினால், 'ஃபுல்செயின்' என்ற பெயரில் வரும் கோப்பில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். சர்வரில் அதையே கொடுங்கள். எஸ்எஸ்எல் லேப்ஸ் சோதனைத் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டால், சங்கிலி முழுமையா இல்லையா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். புதுப்பிப்பதையும் தானாக நடக்கும்படி அமைத்துவிடுங்கள். ஆயுள் 47 நாளாகும்போது கையால் செய்து கட்டுப்படியாகாது.

எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது?

முதலில் போனில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், 'பரவாயில்லை, தொடரலாம்' என்று பாஸ்வேர்டையோ ஓடிபியையோ போடாதீர்கள். இலவச வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள்.

பூட்டுக் குறி வந்துவிட்டால் தளம் நல்லதுதான் என்று அர்த்தமா? இல்லை. முகவரியில் இருக்கும் பெயருக்குரிய தளத்தோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான். மோசடித் தளம் நடத்துகிறவரும் தன் முகவரிக்கு முறைப்படி சான்றிதழ் வாங்கலாம். 2023இல் குரோம் பூட்டுக் குறியையே எடுத்துவிட்டதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம். சங்கிலியைச் சரிபார்ப்பது பிரவுசரின் வேலை. முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டியது நீங்கள்தான்.