ஐந்தில் நான்கு: 1929ஆம் ஆண்டுக் கூலி விகிதமும் உக்குவளைப் பக்கத் தோட்டங்களும்

மலையகத் தோட்டங்களில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்கூலி கொடுக்கப்பட்டது ஏன் என்ற கேள்விக்கு இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விடை குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் தந்தது. இலங்கைத் தோட்டங்களில் வர்க்கம், ஆணாதிக்கம், இனத்துவம் ஆகியவற்றை ஆராய்ந்து அவர்கள் 2015இல் வெளியிட்ட நூல், ‘தோட்ட ஆணாதிக்கம்’ என்ற கருத்தை முன்வைக்கிறது. காலனிய ஆட்சி, சாதி, சமயம், குடும்பம் ஆகிய எல்லாவற்றின் ஆண்முதன்மையும் தோட்டத்தில் ஒன்றுகலந்தது என்றும், கூலி வேறுபாடு அதன் வெளிப்பாடுகளில் ஒன்று என்றும் அவர்கள் கொள்கின்றனர். பெண்ணின் கூலியைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்கிய வழக்கத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான கருத்து இல்லை. ஆனால் சட்டம் விதித்த கூலித் தொகையை விளக்க இது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எல்லா அதிகாரத்தையும் ஒரே கட்டாகக் கட்டும்போது, குறிப்பிட்ட ஒரு எண்ணைத் தீர்மானித்தவர்கள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். வழக்கம் மெல்ல மாறட்டும் என்று காத்திருக்கலாம். அந்த எண்ணைத் தந்த சூத்திரத்தை எழுதியவரிடமோ கணக்குக் கேட்க வேண்டும்.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வழி செய்தது. அதன்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி வருமாறு: உயர்நாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32, நடுநாட்டில் 52, 41, 31, தாழ்நாட்டில் 50, 40, 30. பெண் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பெற்றாள் என்று சொல்லி வரலாற்று நூல்கள் இவ்வெண்களைக் கடந்துவிடுகின்றன. கணக்கைப் போட்டுப் பார்த்தால் ‘ஏறத்தாழ’ என்ற சொல்லுக்கு இடமில்லை. 54இல் ஐந்தில் நான்கு 43.2, ஐந்தில் மூன்று 32.4, 52இல் அவை 41.6, 31.2, 50இல் 40, 30. சதத்தின் பின்னத்தை வெட்டிவிட்டால் பெண்ணுக்கும் சிறுவருக்கும் உரிய ஆறு எண்களும் சட்டத்தில் உள்ளபடியே கிடைக்கின்றன. இவற்றுள் முக்கியமானது நடுநாட்டுப் பெண்ணின் 41. அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றியிருந்தால் அது 42 ஆகியிருக்க வேண்டும். மற்ற ஐந்து எண்களும் இவ்விரண்டில் எந்த முறையிலும் மாறமாட்டா. ஆகவே பின்னம் கொடுப்பவர் பக்கம் சாய்த்தே வெட்டப்பட்டது என்பதற்கு இந்த ஓர் எண்ணே சான்று.

ஆறு எண்களை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். சான்று மெலிந்ததுதான், அதனாலேயே மாற்று விளக்கங்களைச் சோதிப்பது அவசியம். தாழ்நாட்டுத் தொகையை அடிப்படையாக வைத்து மேலே கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கொண்டால், நடுநாட்டில் ஆணுக்கு 2 சதம் கூடப் பெண்ணுக்கு 1 கூடியது; உயர்நாட்டில் ஆணுக்கு 4 கூடப் பெண்ணுக்கு 3 கூடியது. ஓரிடத்தில் பாதி, இன்னோரிடத்தில் முக்கால். இதில் ஒழுங்கு இல்லை. குடும்பச் செலவைக் கணக்கிட்டே தொகைகள் வந்தன என்றால், வாழ்க்கைச் செலவு பகுதிக்குப் பகுதி வேறுபட்டதை ஏற்றுக்கொண்ட ஒரு பட்டியலில் ஆண், பெண், சிறுவர் தேவைகளின் விகிதம் மட்டும் மூன்று பகுதிகளிலும் இம்மியும் மாறாமல் நின்றது எப்படி? பெண்ணின் உழைப்பு இலகுவானது என்ற வாதமும் இங்கேயே தடுக்கி விழுகிறது. உழைப்புதான் அளவுகோல் என்றால் பயிருக்குப் பயிர் விகிதம் மாறியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் உக்குவளை பயன்படுகிறது. கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் போடப்பட்ட ரயில்பாதையில் அமைந்த இவ்வூரைச் சுற்றித் தேயிலை மட்டும் விளையவில்லை. இறப்பரும் கொக்கோவும் அடுத்தடுத்து இருந்தன. கொழுந்து எடுப்பது, பால்வெட்டுவது, கொக்கோக் காய் உடைப்பது ஆகிய மூன்றுக்கும் வேண்டிய கைத்திறனும் நேரமும் வேறு வேறு. சட்டமோ மூன்றுக்கும் ஒரே விகிதத்தை வைத்தது. உக்குவளையின் உயரத்தைப் பார்த்தால் நடுநாட்டு எல்லைக்கும் தாழ்நாட்டு எல்லைக்கும் இடையில் தோட்டத்துக்குத் தோட்டம் வகைப்பாடு மாறியிருக்க இடமுண்டு. அதை இங்கே முடிவு கட்டவில்லை. 52க்கு 41 என்றாலும் 50க்கு 40 என்றாலும் வாதம் நிற்கும். நடுநாட்டில் சேர்ந்த தோட்டமானால், ஆறு எண்களிலும் அதிகமாக வெட்டுப்பட்ட பின்னம் அங்கே கொழுந்து எடுத்தவளுடையது. இச்சட்டம் இந்தியத் தொழிலாளரை மட்டுமே தழுவியது என்பதையும் மறக்கலாகாது. அதே தோட்டத்தில் கிராமத்திலிருந்து வந்து வேலை செய்த சிங்களவருக்கு அது பொருந்தவில்லை. செக்ரோல் என்ற தோட்டப் பெயர்ப் பதிவேட்டில் பால் வேறுபாட்டோடு இன வேறுபாடும் சட்டத்தின் பெயராலேயே பதிந்தது.

ஜயவர்தன, குரியன் தரப்பிலிருந்து வலுவான ஒரு மறுப்பு எழும்: ஐந்தில் நான்கு என்று யாரோ முடிவு செய்தார்கள் என்றால், அந்த முடிவே ஆணாதிக்கந்தானே? ஆம். ஆனால் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் வழக்கத்திலிருந்து வரலாம். எவ்வளவு குறைவாக என்பது வழக்கத்திலிருந்து வராது. சட்டத்துக்கு முன்பே சில தோட்டங்களில் இவ்விகிதம் புழங்கியிருக்கலாம். அப்படியானால் சூத்திரத்தின் பிறப்பு 1929க்கு முந்தியது. அதன் ஆண்டைக் குறிப்பதைவிட, தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபட்டிருக்கக்கூடிய ஒன்றை நாடளாவிய விதியாக்கியது அரசு என்பதை அழுத்துவதே இங்கு நோக்கம். 1941ஆம் ஆண்டின் கூலிச் சபைகள் கட்டளைச் சட்டம் இன எல்லையைக் கடந்து தொழில்வாரியாகக் கூலி நிர்ணயித்தது. ஆனாலும் ஆண், பெண் வேறுபாட்டை விடவில்லை. இந்தியத் தொழிலாளரின் குடும்ப வழக்கமே காரணம் என்றால் அந்தச் சபைகளில் அது தொடர்ந்திருக்கத் தேவையில்லை.

சம நாட்கூலி 1984இல்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தது அந்த ஏப்ரலில் தோட்டத் தொழிற்சங்கங்கள் நடத்திய வேலைநிறுத்தம். சம ஊதியம் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்றது 1993இல்; இந்தியாவின் சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. வழக்கம் கனிந்து சமத்துவம் வந்திருந்தால் அது வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும். நாட்கூலியில் சட்டம் வைத்த ஆண், பெண் வேறுபாடு அந்த வேலைநிறுத்தத்தோடு போயிற்று. கூலியை யார் கையில் வாங்குவது என்ற வழக்கமோ அதற்குப் பிறகும் நீடித்தது. ஒன்று போக மற்றது நின்றதே இரண்டும் வேறு வேறு என்பதற்குப் போதிய சான்று.

சூத்திரம் போனதோடு வேறுபாடு முழுதும் போகவில்லை. நாட்கூலி சமமாயிற்று, நாள் சமமாகவில்லை. கவ்வாத்து, மருந்தடித்தல் போன்ற வேலைகளில் ஆண் தன் பங்கை முடித்து மதியத்தை ஒட்டி வீடு திரும்ப, கொழுந்து எடுப்பவள் மாலை நிறுவை வரை மலையில் நிற்கிறாள்; நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி. 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போன பின்னரும், 2021இல் நாட்கூலி 1,000 ரூபாயான போதும், பேச்சு முழுவதும் நாளுக்கு எவ்வளவு என்பதாகவே இருந்தது. 1929இல் அநீதி தொகையில் இருந்தது. இன்று அது மணிக்கணக்கில் இருக்கிறது. ஆகவே தோட்டக் கம்பனிகள் தங்கள் ஆண்டறிக்கைகளில் பெண் தொழிலாளரின் எண்ணிக்கையைச் சொல்வதோடு நில்லாமல், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேலைவாரியாக மணிக்கு எவ்வளவு விழுகிறது என்பதையும் வெளியிட வேண்டும். கூலிச் சபை அடுத்த தொகையைத் தீர்மானிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.