சணல் என்ற ஒரு பெயர், மூன்று செடிகள்



வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, 'ஹெம்ப்' துணியில் தைத்த சட்டை ஒன்று வாங்கியிருக்கிறாள். "டீச்சர், இது நம்ம ஊர் சணலா, இல்ல கஞ்சாவா? அம்மா போடக் கூடாதுங்கறாங்க" என்று கேட்டிருந்தாள். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் செடிகளைப் பிரித்துக்கொள்வோம். சாக்குப் பைக்கும் மூட்டை கட்டும் கயிற்றுக்கும் உரியது வங்காளத்துச் சணல், அதாவது ஜூட். நெல் நடுவதற்கு முன் வயலில் விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுகிறோமே, அந்த மஞ்சள் பூச் செடி சணப்பு. அது அவரைக் குடும்பம்.

ஹெம்ப் மூன்றாவது. அதுவும் கஞ்சாவும் ஒரே இனம் என்பது உண்மைதான். ஆனால் நாருக்காக வளர்ப்பது வேறு வகை. அதை நெருக்கி விதைப்பார்கள். கிளை விடாமல் ஆள் உயரத்தையும் தாண்டி நெட்டையாக வளரும். போதை தரும் பொருள் அதில் மிகக் குறைவு. பல நாடுகளில் 0.3 சதவீதம்தான் எல்லை. ஆகவே அம்மா பயப்பட வேண்டாம், சட்டையைத் தாராளமாகப் போடலாம்.

நார் எடுக்கும் முறை நமக்குப் புதிதல்ல. தண்டை அறுத்து ஊறப்போட்டால், நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையை நுண்ணுயிர்கள் கரைத்துவிடும். பிறகு காயவைத்து, தட்டி, நாரைப் பிரிப்பார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும்.

சரி, மூன்று செடிகளுக்கும் பெயர் எப்படிக் கலந்தது? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

பாய்மரக் கப்பல் காலத்தில் கயிறுதான் கப்பலின் நரம்பு. 1805இல் டிராஃபல்கர் கடற்போரில் நெல்சன் இருந்த 'விக்டரி' என்ற ஒரே கப்பலில் ஏறத்தாழ 26 மைல் நீளக் கயிறு இருந்தது. நங்கூரக் கயிறு அறுந்தால் கப்பல் பாறையில் மோதும். அத்தனை பேர் உயிரும் ஹெம்ப் நாரில்தான் இருந்தது. இங்கிலாந்தில் சாத்தம் என்ற ஊரின் கப்பல் தளத்தில் உள்ள கயிற்றுக்கூடம் 1,135 அடி நீளம். புரிகளை நேராக நீட்டி வைத்து முறுக்க அவ்வளவு இடம் வேண்டும். இன்றும் அங்கே கயிறு திரிக்கிறார்கள்.

60 ஏக்கர் உழுகிறவர் கால் ஏக்கரிலாவது ஹெம்ப் அல்லது ஆளி விதைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றி 1533இல் சட்டமே போட்டார். கடற்படை வளர வளர அதுவும் போதவில்லை. பிரிட்டன் ரஷ்யாவை நம்ப வேண்டியதாயிற்று. 1807இல் டில்சிட் உடன்படிக்கையில், பிரிட்டனுடன் வணிகத்தை நிறுத்த ரஷ்யா நெப்போலியனுக்கு ஒப்புக்கொண்டது. உலகக் கடலை ஆண்ட நாடு கயிற்றுக்குத் தவித்தது.

இந்தப் பயம் முன்பே இருந்ததால் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் மாற்று தேடியது. சென்னை மாகாணத்துச் சாமர்லகோட்டாவில் பணி செய்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1793இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற அவர், பல நார்களைத் திரித்து, எடை கட்டித் தொங்கவிட்டு வலுவைச் சோதித்தார். அவற்றில் சணப்பும் ஒன்று. ஆங்கிலத்தில் அதற்கு 'சன் ஹெம்ப்' என்று பெயர். அந்தச் 'சன்' வடமொழிச் 'சண' என்பதிலிருந்து போனது.

1853இல் கிரீமியப் போர் தொடங்கியதும் ரஷ்ய நார் மறுபடியும் தட்டுப்பட்டது. ஸ்காட்லாந்தின் டண்டீ ஆலைகள் வங்காளச் சணல் பக்கம் இன்னும் வேகமாகத் திரும்பின. 1855இல் கல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை வந்தது. 1947 பிரிவினையில் ஆலைகள் இந்தியாவுக்கும் நல்ல சணல் வயல்களில் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்கும் போனது, பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள்.

'மணிலா ஹெம்ப்' என்பது இன்னும் வேடிக்கை. அது பிலிப்பைன்ஸ் நாட்டு வாழை இனத்தின் நார்! ஜப்பான் அந்த நாட்டைப் பிடித்ததும் அமெரிக்கக் கடற்படைக்குக் கயிறு தட்டுப்பட்டது. 1937இல் கஞ்சா வரிச் சட்டத்தால் ஹெம்ப் விவசாயத்தை நெருக்கிய அதே அரசு, 1942இல் 'ஹெம்ப் பயிரிடுங்கள்' என்று விவசாயிகளுக்குப் படம் எடுத்துக் காட்டியது.

ஆக, எந்த நார் அந்த வேலையைச் செய்ததோ அதற்கெல்லாம் ஹெம்ப் என்று பெயர் வைத்தார்கள். நாமும் அப்படித்தான், 'சண' என்ற பழைய பெயரைச் சாக்கு நாருக்குக் கொடுத்துவிட்டோம். ஆனால் அசல் ஹெம்புக்கு மிஞ்சியது கஞ்சாவின் கெட்ட பெயர்.

அந்தப் பெயரின் பாரத்தைச் சுமப்பவர்கள் இமயமலை விவசாயிகள். உத்தரகாண்ட் மலைகளில் இதன் பட்டையில் கயிறு திரிப்பதும் விதையில் சட்னி அரைப்பதும் பழைய வழக்கம். நமது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமே நாருக்கும் விதைக்கும் அனுமதியுடன் பயிரிட இடம் தருகிறது. 2018இல் உத்தரகாண்ட் அந்த வழியைத் திறந்தது. அனுமதியில்லாமல் வளர்ப்பது குற்றம் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். ஒரு செடியைப் பற்றி முடிவு செய்யும் முன் அதன் பெயரை மட்டும் பார்க்காமல், எதற்காக வளர்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது சணப்பு நாரில் கயிறு திரித்ததுண்டா? கேட்டு எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்