இணைய உலாவிகளின் நினைவகப் பயன்பாடு

ஓர் உலாவி இயங்கும்போது கணினியின் ரேமில் பிடிக்கும் இடமே அதன் நினைவகப் பயன்பாடு. ஒரே பக்கங்களை வெவ்வேறு உலாவிகளில் திறந்து இதை ஒப்பிடுவது வழக்கம்.

இவ்வொப்பீடுகளில் அதிகம் அடிபட்ட பெயர் ஃபயர்ஃபாக்ஸ். அதன் 1.0 பதிப்பு 2004 நவம்பரில் வந்தது. அடுத்த ஆண்டின் 1.5 பதிப்பு, பார்த்து முடித்த பக்கங்களை அப்படியே நினைவகத்தில் வைத்திருந்து, பின்செல்லும் பொத்தானை அழுத்தியதும் காட்டியது. 1 ஜிபி ரேம் உள்ள கணினியில் 8 பக்கங்கள் வரை இப்படித் தங்கின. பயனர்கள் இதையே நினைவகக் கசிவு, அதாவது தேவை முடிந்தும் நினைவகம் விடுவிக்கப்படாமை, என்று எண்ணினர். மெய்யான கசிவுகளும் இருக்கவே செய்தன. விடுவித்த இடம் சிறுசிறு துண்டுகளாகச் சிதறி, இயங்குதளத்துக்குத் திரும்பாமல் போவது இன்னொரு குறை. 2008 ஜூனில் வந்த 3-ஆம் பதிப்பு இதற்கு ஜேமல்லாக்கைக் கைக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக ஜேசன் எவன்ஸ் எழுதிய நினைவக ஒதுக்கி அது. ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விடுபடாமல் கிடக்கும் பொருள்களைக் கண்டு நீக்கும் சுழற்சி சேகரிப்பானும் அப்பதிப்பில் சேர்ந்தது.

ஃபயர்ஃபாக்ஸின் நினைவகப் பயன்பாட்டைக் குறைக்க 2011-இல் நிக்கோலஸ் நெதர்கோட் முன்னின்று நடத்திய மெம்ஷ்ரிங்க் திட்டம் உலாவி வரலாற்றில் தனி இடம் பெறத்தக்கது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான 7-ஆம் பதிப்பு 20 முதல் 50 விழுக்காடு வரை குறைவான நினைவகத்தில் இயங்குவதாக ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா அறிவித்தது. மூடிய பக்கங்களைத் துணைநிரல்கள் பிடித்துவைத்திருந்ததே எஞ்சிய கசிவுக்குப் பெருங்காரணம். 2012 ஆகஸ்டில் 15-ஆம் பதிப்பு அந்தப் பிடியை அறுத்தது.

2008 செப்டம்பரில் வந்த குரோம், டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தது. ஒரு டேப் முடங்கினாலும் மற்றவை பிழைத்தன. அதற்கான விலை நினைவகம். அளப்பதும் சிக்கலாயிற்று. பல செயல்முறைகள் பொதுவாகப் பயன்படுத்தும் பகுதி, ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுமையாக ஏறும். அவற்றை அப்படியே கூட்டினால் குரோமுக்கு அநியாயமான எண்ணே கிடைக்கும். ஒவ்வொரு செயல்முறைக்கும் மட்டுமே உரிய பகுதிகளைக் கூட்டி, பொதுப்பகுதியை ஒருமுறை மட்டும் சேர்ப்பதே சரியான முறை. லினக்ஸ், பொதுப்பகுதியைப் பங்கிட்டுக் காட்டும் அளவையும் தருகிறது.

பக்கத்தின் தன்மையும் முடிவை மாற்றும். 1000 × 1000 புள்ளிகள் கொண்ட படம், கோப்பாக எவ்வளவு சிறியதாயினும், விரித்ததும் ஏறத்தாழ 4 மெகாபைட் கொள்ளும்.

ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறைபாடு 2018-இல் வெளியானபின் குரோம் தளங்களையும் தனித்தனிச் செயல்முறைகளாக்கியது. 2021-இல் ஃபயர்ஃபாக்ஸும் பின்தொடர்ந்தது. பயன்படாத டேப்களை நினைவகத்திலிருந்து இறக்கும் வசதி இன்று குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவற்றில் உண்டு.