யாரும் படிக்காத புத்தகம் என்று ஒன்று உண்டா?



மறைந்த என் அண்ணனின் வீட்டைப் போன மாதம் காலி செய்தோம். அவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அலமாரி நிறைய மண், பாசனம், கட்டுமானம் பற்றிய தடித்தடியான புத்தகங்கள். அவர் மகன் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதையெல்லாம் யாராவது முழுசா படிச்சிருப்பாங்களா? எடைக்குப் போட்டுடலாமா?" என்று கேட்டான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். உலகத்தையே மாற்றிய ஒரு புத்தகத்தைப் பற்றியே பெரிய அறிவாளி ஒருவர் இதே போலப் பேசியிருக்கிறார். அந்தக் கதையை இன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான். கடைசிப் பாட வேளையில் உட்கார்ந்திருந்த பொறுமையோடு படியுங்கள்.

1543ஆம் ஆண்டு ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில், பெட்ரேயஸ் என்பவரின் அச்சகத்தில் ஒரு லத்தீன் நூல் அச்சானது. எழுதியவர் நிக்கோலாஸ் கோப்பர்நிக்கஸ். பூமி நடுவில் நிற்கவில்லை, அது சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன நூல். அது வெளிவந்த அதே ஆண்டு மே மாதம் அவர் காலமானார். நாம் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் படித்து முடித்துவிட்டோம். ஆனால் அந்த நூல் இரண்டு வரி இல்லை. மொத்தம் ஆறு பாகங்கள். சூரியன் நடுவில் இருக்கிறது என்ற வாதம் பெரும்பாலும் முதல் பாகத்தோடு முடிந்துவிடும். மற்ற ஐந்தும் வடிவியல், கணக்கு, அட்டவணை. வடிவியல் தெரியாதவர்கள் உள்ளே வர வேண்டாம் என்ற பழைய கிரேக்க எச்சரிக்கையை முகப்புப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள்!

1959இல் ஆர்தர் கோஸ்லர் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் வானியல் வரலாறு பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் கோப்பர்நிக்கஸின் நூலை, யாருமே படிக்காத புத்தகம் என்று எழுதிவிட்டார். படிப்பதற்குச் சுவையாக இருந்ததால் எல்லோரும் நம்பினார்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஓவன் கிங்கரிச்சுக்கு மட்டும் அதில் சந்தேகம் இருந்தது. 1970இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள வான் ஆய்வகத்தில் அந்த 1543 பதிப்பின் ஒரு பிரதி அவர் கைக்குக் கிடைத்தது. திறந்து பார்த்தால், முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை ஓரமெல்லாம் கையெழுத்துக் குறிப்புகள். யாரோ ஒருவர் வரிவரியாகப் படித்து, கணக்கைச் சரிபார்த்து, பிழைகளைத் திருத்தியிருக்கிறார். எழுதியவர் எராஸ்மஸ் ரைன்ஹோல்ட் என்று கண்டுபிடித்தார். விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர், அந்தக் காலத்தின் முன்னணி வானியல் ஆசிரியர்களில் ஒருவர்.

கிங்கரிச் யோசித்தார். முதலில் கையில் கிடைத்த பிரதியிலேயே இவ்வளவு இருந்தால் மற்றவற்றில்? அன்று தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஊர் ஊராக, நூலகம் நூலகமாக அலைந்தார். 1543 பதிப்பு, 1566இல் பாசல் நகரில் வந்த இரண்டாம் பதிப்பு இரண்டிலுமாக மிஞ்சியிருக்கும் சுமார் 600 பிரதிகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2002இல் வெளியிட்டார். யாரிடம் இருந்தது, யார் என்ன எழுதினார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. இரண்டு ஆண்டு கழித்து இந்த அலைச்சலின் கதையை ஒரு நூலாக எழுதினார். கோஸ்லரின் அந்த வார்த்தையையே கிண்டலாகத் தலைப்பாகவும் வைத்துவிட்டார்.

சரி, படித்தவர்கள் என்ன நினைத்தார்கள்? இங்கேதான் எனக்கு ஆச்சரியம்.

ரைன்ஹோல்டின் பிரதியில் பூமி சுற்றுகிறது என்று சொல்லும் முதல் பாகத்தில் குறிப்புகள் குறைவு. கணக்கு வரும் பாகங்களில்தான் குவிந்து கிடக்கின்றன. வானத்தில் எல்லா இயக்கமும் சீரான வட்ட இயக்கமாகவே இருக்க வேண்டும் என்ற விதியை முகப்புப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். பழைய தாலமி முறையில் இந்த விதியை மீறும் ஓர் உத்தி உண்டு. கோப்பர்நிக்கஸ் அந்த உத்தியை நீக்கிவிட்டார். ரைன்ஹோல்ட் கொண்டாடியது அதைத்தான். சூரியன் நடுவில் இருக்கிறது என்ற செய்தியை அவர் கண்டுகொள்ளவே இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கை அடிப்படையாக வைத்து 1551இல் கிரக அட்டவணைகள் வெளியிட்டார்.

பின்னால் என்ன ஆனது? 1609இல் கெப்ளர், செவ்வாயின் பாதை வட்டமே இல்லை, நீள்வட்டம் என்று நிறுவினார். வேகமும் சீரானது இல்லை. அதாவது ரைன்ஹோல்ட் போற்றிய விதி விழுந்தது. அவர் கண்டுகொள்ளாமல் விட்ட கருத்து நின்றது. நல்ல படிப்பாளியின் கருத்தும் தவறாகலாம். ஆனால் அவரைப் போன்றவர்கள் அந்தக் கணக்கைப் புழக்கத்தில் வைத்திருக்காவிட்டால் அந்த நூல் தூசியில் மறைந்திருக்கவும் கூடும்.

இன்னொரு செய்தி ஆசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் எழுதிய அதே குறிப்புகள் வேறு வேறு ஊர்ப் பிரதிகளிலும் திரும்பத் திரும்ப வந்தன. மாணவர்கள் ஆசிரியரின் புத்தகத்தை வாங்கி, ஓரக் குறிப்புகளைத் தங்கள் பிரதியில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நீங்கள் பரீட்சைக்கு முன் செய்த வேலைதான்! டூபிங்கனில் மேஸ்ட்லின் என்ற ஆசிரியர் தன் பிரதியில் பல ஆண்டுகள் நுணுக்கமாக எழுதி வந்தார். அவர் எழுதிய பாடநூல் பழைய முறையைத்தான் சொன்னது. ஆனால் ஆர்வமுள்ள மாணவர்களுக்குக் கோப்பர்நிக்கஸையும் சொல்லிக் கொடுத்தார். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்தான் கெப்ளர்.

எதிர்ப்பும் ஓரங்களில் பதிவாகியிருக்கிறது. 1616இல் கத்தோலிக்கத் திருச்சபை, திருத்தம் செய்யும் வரை இந்த நூலைப் படிக்கக் கூடாது என்றது. 1620இல் எந்தெந்த இடங்களை அடிக்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தது. கிங்கரிச் பார்த்தபோது, இத்தாலியில் இருந்த பிரதிகளில் பாதிக்கு மேல் அப்படி அடிக்கப்பட்டிருந்தன. மற்ற நாடுகளில் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. கலீலியோவின் சொந்தப் பிரதியிலும் அடித்தல் உண்டு. ஆனால் அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற அளவுக்கு மெல்லிய கோடு!

கிங்கரிச்சும் தவறினார். பிராகா நகரில் உள்ள ஒரு பிரதியின் குறிப்புகள் டைக்கோ பிராகேயுடையவை என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பி, வாட்டிகனில் அதே கையெழுத்தோடு கிடைத்த பிரதியையும் டைக்கோவுடையது என்றார். பிறகுதான் அவை பால் விட்டிக் என்ற, பெயர் மறந்துபோன ஒரு கணித அறிஞரின் கையெழுத்து என்று தெரிந்தது. அவர் மறைக்கவில்லை. தன் தவறைத் தானே எழுதிச் சொன்னார்.

இப்போது அண்ணன் வீட்டுக்கு வருகிறேன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், கையிலிருந்த புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஓர் அட்டவணைக்குப் பக்கத்தில் பென்சிலில் அண்ணனின் பொடி எழுத்து: "நம்ம கரிசல் மண்ணுக்கு இது ஒத்துவராது." கீழே அவர் போட்ட கணக்கு. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. புத்தகங்கள் இப்போது அவன் வீட்டில் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், நூலக வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு போரைப் பற்றிய பத்திக்குப் பக்கத்தில் "இதை யார் பார்த்து எழுதினாங்க?" என்று பேனாவால் எழுதியிருந்தான். அவனை வெளியே நிற்க வைத்து அபராதமும் கட்டச் சொன்னேன். வரலாறு படிப்பவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. நான் அந்தக் கேள்வியைப் படிக்கவில்லை, கிறுக்கலை மட்டும் பார்த்தேன். தம்பி, நீ இதைப் படித்தால் வாத்தியாரை மன்னித்துவிடு. உனக்கு அன்று நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா, தாத்தா, அத்தை விட்டுப்போன புத்தகங்களை எடைக்குப் போடும் முன் ஒருமுறை ஓரங்களைப் பாருங்கள். யார் படித்தார்கள், என்ன நினைத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். உங்கள் சொந்தப் புத்தகத்தில் நீங்களும் எழுதுங்கள். பென்சிலில். நூலகப் புத்தகத்தில் மட்டும் வேண்டாம், அந்த விஷயத்தில் நான் இன்னும் பழைய வாத்தியார்தான்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்