அமலனாதிபிரானும் மேட்டூர் வரைபடமும்

திருப்பாணாழ்வார் திருவரங்கத்து அரங்கனைப் பாடிய அமலனாதிபிரானையும், பார்வையற்றோர் திரைவாசிப்பான் வழியே கேட்டறியும்படி அமைத்த ஓர் இணைய வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். வரைபடத்துக்கு மேட்டூர் அணையின் ஓராண்டு நீர்மட்டத்தைக் காட்டும் கோட்டை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து வரும் காவிரிதான் அரங்கனைச் சூழ்ந்து ஓடுகிறது.

இரண்டுக்கும் ஒரே இக்கட்டு. கண் ஒரே வீச்சில் அள்ளிக்கொள்வதைக் காது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வாங்கும். அதனால் எதை முதலில் சொல்வது என்பதே இரண்டிலும் பெரிய கேள்வி. ஆழ்வார் திருவடியில் தொடங்குகிறார். ஆடை, உந்தி, உதரபந்தம், மார்பு, கண்டம், வாய், கண் என ஏறி, ஒன்பதாம் பாசுரத்தில்தான் நீலமேனி முழுவதற்கும் வருகிறார். வரைபடமோ தலைகீழ். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், பார்வையற்ற ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து வடிவமைத்து 2022-இல் வெளியிட்ட முறையில் முழுமைதான் முதலில். "கோட்டு வரைபடம், கிடையச்சில் நாள், நிமிரச்சில் அடி" என்று குரல் சொல்லும். கீழ் அம்புக்குறியை அழுத்தினால் அச்சுக்குள் இறங்கலாம். இன்னும் இறங்கினால் ஒரு மாதம், அதற்குள் ஒரு நாள். வலது அம்புக்குறி அடுத்த மாதத்துக்குக் கூட்டிச்செல்லும். மேல் அம்புக்குறி வந்த வழியே ஏற்றிவிடும்.

ஏன் இந்த மாறுபாடு? அரங்கனின் கிடந்த கோலம் பாசுரம் கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. முழுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆழ்வார் அடியிலேயே நின்று நிதானிக்கலாம். வரைபடத்தைக் கேட்பவருக்கு அந்த முன்னறிவு இல்லை. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி என்று தெரியாதவருக்கு "97 அடி" நிறைவா குறைவா என்பது எப்படிப் புலப்படும்?

எதிர்பாராத உறவு ஒன்றும் உண்டு. கோயிலுக்குள் செல்லாமல் காவிரியின் தென்கரையில் நின்று பாடிய ஆழ்வார், உலோகசாரங்கர் என்ற அர்ச்சகரின் தோளேறி உள்ளே வந்தார் என்கிறது குருபரம்பரை நூல். படத்துக்கு இன்னொருவர் எழுதிவைக்கும் மாற்றுரையும் அத்தகைய தோள்தான். அதுகூட இல்லையென்றால் "படம்" என்ற ஒற்றைச் சொல்லோடு திரைவாசிப்பான் நின்றுவிடும். கேட்பவர் தென்கரையிலேயே நிற்க வேண்டியதுதான். ஆனால் தோளில் போகிறவர் சுமப்பவர் நிறுத்தும் இடத்தில்தான் நிற்க முடியும். அம்புக்குறி வழி அவரைத் தம் காலால் நடக்க விடுகிறது. என் மதிப்பில் அதுவே மேல்.

பிரிவும் இங்கேதான். ஆழ்வார் ஒவ்வோர் அங்கத்தோடும் தம் நெஞ்சு பட்ட பாட்டைச் சொல்கிறார். அதை நீக்கினால் பாசுரம் இல்லை. வரைபடத்தில் எழுதுபவரின் நெஞ்சுக்கு அவ்வளவு இடம் வேண்டாம். 2021-இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்களான ஆலன் லண்ட்கார்டும் அரவிந்த் சத்யநாராயணும் பார்வையற்ற வாசகர் 30 பேரிடமும் பார்வையுள்ளோர் 90 பேரிடமும் கேட்டார்கள். பார்வையுள்ளோர் விரும்பிய பின்னணி விளக்கத்தைப் பார்வையற்றோர் பலர் அவ்வளவாக விரும்பவில்லை. போக்கையும் எண்ணையும் கொடுங்கள், முடிவுக்கு நாங்களே வருகிறோம் என்பது அவர்கள் நிலை.

அந்த நிலையின் நியாயம் 2018-ஐப் பார்த்தால் விளங்கும். ஜூலை 23-இல் மேட்டூர் 120 அடியை எட்டியது. ஆகஸ்ட் 22 இரவு திருச்சி அருகே முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் உடைந்தன. காரணம் வெள்ளமா, கட்டுமானத்தின் பழமையா, மணல் அள்ளியதா என்று திருச்சியில் பெரிய வாதமே நடந்தது. அந்த ஆண்டின் வரைபடத்துக்கு உரை எழுதுபவர் அவற்றில் ஒன்றை முதல் வரியிலேயே முடிவாகச் சொல்லிவிட்டால், பார்வையற்ற திருச்சிக்காரருக்கு அந்த வாதத்தில் பேச இடமே இல்லாமல் போகும்.