பங்சாருக்கு அருகே ஒரு தொலைபேசி

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த பங்சார் இன்று கோலாலம்பூரில் வீட்டு விலை மிக உயர்ந்த பகுதிகளுள் ஒன்று. மனநல ஆலோசனை தரும் தனியார் நிலையங்களும் அங்கே உண்டு. ஒரு மணி நேரம் பேச நூற்றுக்கணக்கான வெள்ளி ஆகும். சற்றுத் தள்ளி, லெம்பா பந்தாய் பள்ளத்தில், 1962-ல் தனிப் பல்கலைக்கழகமாகிய மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனில் படிக்கும் பிள்ளைக்கு அந்தத் தொகை சில வாரச் சாப்பாட்டுச் செலவு. இதைப் பார்ப்பவர்கள், மனநல உதவி வசதியுள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் உதவி இங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாக உண்டு. மாணவர்களை அதனிடம் நெருங்கவிடாமல் வைத்ததில் கட்டணத்தைவிட அச்சத்துக்கே பங்கு அதிகம். அந்த அச்சத்தை வளர்த்ததில் அரசும் சட்டமும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

மனநோய்க்கு ஆங்கிலேய ஆட்சி கண்ட வழி, நோயாளியை ஊரை விட்டு அகற்றுவது. ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ல் திறக்கப்பட்ட மனநோய்க் காப்பகம் ஆயிரக்கணக்கானோரை உள்ளே வைத்திருந்தது. தோட்டத்து லயங்களிலிருந்து அங்கே அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஊரின் பெயரே வசையாகிப்போனது. இன்றும் மலேசியத் தமிழர் வீடுகளில் கோபத்திலும் கேலியிலும் அந்தப் பெயர் விழுவதைக் கேட்கலாம். பொது மருத்துவமனையொன்றில் முதல் மனநலப் பிரிவு 1958-ல்தான், பினாங்கில், தொடங்கியது. இவற்றோடு தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் சேர்ந்துகொண்டது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்திலிருந்து வந்த பிரிவு அது. இங்கிலாந்து தன் மண்ணில் இந்தக் குற்றத்தை 1961-லேயே ஒழித்தது. இலங்கை 1998-ல் நீக்கியது. மலேசியாவில் 2023 வரை அது உயிரோடிருந்தது. ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை’ என்று சொல்வது குற்றமல்லதான். ஆனால் சொன்னால் போலீசில் போய் முடியுமோ, பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஏறுமோ, உதவித்தொகை போய்விடுமோ என்று ஒரு மாணவர் அஞ்சியதில் தவறென்ன?

இந்தச் சூழலில்தான் 1970-ல் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு தொடங்கியது. அதன் தோற்றுவாய் லண்டனில் இருக்கிறது. சாட் வாரா என்ற ஆங்கிலிக்கப் பாதிரியாருக்கு 1935-ல், பணிக்குச் சேர்ந்த புதிதில், பதின்ம வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலை அடக்கம் செய்ய நேர்ந்தது. மாதவிலக்கு வந்ததைப் பால்வினை நோய் என்று நம்பி உயிரை விட்டவள் அவள். ஒரே ஒருவர் பொறுமையாகக் கேட்டு விளக்கியிருந்தால் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1953 நவம்பரில் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, துயரப்படுகிறவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்த தொண்டர்களிடமே பலர் மனம் ஆறிப் புறப்பட்டதை வாரா கவனித்தார். சில மாதங்களில் கேட்கும் பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். உபதேசம் செய்யாமல், தீர்ப்பு சொல்லாமல், கேட்டதை வெளியே விடாமல் இருப்பது என்ற இந்த முறை கொழும்பில் 1974-ல் சுமித்ரயோ ஆகவும், சென்னையில் 1986-ல் ஸ்நேகா ஆகவும் வேர்விட்டது. பங்சாரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பெட்டாலிங் ஜெயாவின் ஜாலான் டெம்ப்ளரிலிருந்து கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் இன்றும் இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, பெயர் சொல்லவும் தேவையில்லை. சட்டம் குற்றவாளி என்று பார்த்த மனிதரிடம், 53 ஆண்டுகள் சாதாரண மக்கள் தங்கள் தூக்கத்தை விட்டுப் பேசியிருக்கிறார்கள். இந்த நாட்டின் மனநல வரலாற்றில் இதைவிடப் பெருமைப்படத்தக்க செயல் எனக்குத் தெரிந்து இல்லை.

பயிற்சி பெற்ற தொண்டரானாலும் அவர் மருத்துவர் இல்லையே என்ற மறுப்பு நியாயமானது. 1998-ன் ஆலோசகர் சட்டம், பதிவு பெறாதவர் தன்னை ஆலோசகர் என்று சொல்லித் தொழில் செய்வதைத் தடுக்கிறது. அது வேண்டிய காப்புதான். கடும் மனச்சோர்வுக்கும் மனப்பிறழ்வுக்கும் மருத்துவம் வேண்டும், சில சமயம் மருந்தும் வேண்டும். ஆனால் தொண்டர்கள் தங்களை மருத்துவர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அவர்களிடம் முதல்முறையாக வாய்திறந்து பேசிய மாணவருக்கு, அடுத்து மருத்துவரிடம் போகும் துணிவு வர இடமுண்டு. போவதற்கும் மலிவான வழி இருக்கிறது. அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதம் பெற்று அரசு நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆலோசகர்களைப் பார்க்க மாணவர் பணம் கட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டு மாணவருக்கு அரசு மருத்துவமனைக் கட்டணம் கூடுதல் என்பதும், முறை வரக் காத்திருக்க வேண்டும் என்பதும் உண்மையான குறைகள். அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் தொலைபேசியின் தேவை இன்னும் கூடுகிறது.

இன்னொரு மறுப்பு நம் வீடுகளிலிருந்தே வரும்: குடும்பமும் கோயிலும் இருக்க வேற்றாள் எதற்கு? பிரிக்பீல்ட்ஸ் கோயில்களும் ஆசிரமமும் எத்தனையோ பேருக்கு ஆறுதல் தந்திருக்கின்றன. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கேமரன் மலை குறித்து 1988-ல் வெளியான மருத்துவ ஆய்வும் அதன்பின் வந்தவையும், தற்கொலைகளில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட மிகுதி என்று காட்டின. குடும்பம் மட்டுமே போதுமென்றால் இந்த நிலை வந்திருக்காது. தேர்வில் தோற்றதையோ, காதலையோ, கடனையோ அப்பா அம்மாவிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு, தன்னை அறியாத ஒருவரே பாதுகாப்பான காது. வீட்டுக்குப் போட்டியாக அவர் வருவதில்லை.

2023 மே மாதம் மக்களவை 309-ஆம் பிரிவை நீக்க வாக்களித்தது. சட்டத்தின் பெயரால் அஞ்சுவதற்கு இனிக் காரணமில்லை. எஞ்சியிருக்கும் குறை மொழி. தமிழில் பேச விரும்பி அழைப்பவருக்குத் தமிழ் பேசும் தொண்டர் கிடைப்பது, அந்த நேரத்தில் பணியில் இருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. இதை அரசாங்கம் வந்து தீர்க்க வேண்டியதில்லை. தமிழ் நன்றாகப் பேசும் ஆசிரியர்களும், ஓய்வுபெற்ற தாதியரும், இளம் பட்டதாரிகளும் பயிற்சி பெற்று வாரத்தில் சில மணி நேரம் கொடுத்தால் தீரும். முடிந்தவர்கள் விண்ணப்பியுங்கள். பேச வேண்டியவர்கள் தயங்காமல் அழையுங்கள்: பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, சுகாதார அமைச்சின் ஹீல் இணைப்பு 15555.