வீட்டு ஜெபமும் லூதரும்



சாக்சனி கிராமங்களைச் சுற்றிப் பார்த்த மார்ட்டின் லூதர், அங்கே கிறிஸ்தவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை என்று நொந்துபோனார். 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். குடும்பத் தலைவர் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய காலை, மாலை ஜெபங்கள் அதில் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார்.

மாலை ஜெபம் சில வரிகள்தான். முடிந்ததும் சந்தோஷமாய்த் தூங்கப் போகச் சொல்கிறார் லூதர். நம் வீடுகளில் அது எப்படியோ ஒரு மணி நேரமாகிவிட்டது! (முழங்காலிலேயே தூங்கியவர்கள் கை தூக்கவும்.)

என் பேரன், "நம்பிக்கை வராமல் ஏன் முழங்கால் போடணும்?" என்கிறானாம். மகள் போனில் அழுதாள். "அவனை வற்புறுத்தாதே அம்மா, கேள்வி கேட்கட்டும். நீ மட்டும் ஜெபத்தை நிறுத்திவிடாதே" என்று சொல்லியிருக்கிறேன்.